முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்கப் போகிறேன்: எந்த கேமரா, எந்த லென்ஸ்? (வீட்டுப் படங்களுக்கு மட்டும்)

கூடல்நகர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. மகளுக்குப் பத்து மாதம் ஆகிறது. சித்திரையில் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. அதற்குள் ஒரு டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றி மாற்றுகிற பெரிய கேமரா) வாங்கிவிட வேண்டும்.

இப்போது எல்லாம் போனில்தான். பகலில் மொட்டை மாடியில் எடுத்தால் அருமையாக வருகிறது. ஆனால் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதே ஏழு மணிக்கு. டியூப் லைட் வெளிச்சத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், எடுத்துப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி ஒரு கோடு.

டவுனில் ஒரு கடையில் விசாரித்தேன். கேனன் 1500டி, கூடவே 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ் (மி.மீ. கணக்கு, எண் கூடினால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரியுமாம்), பை, ஸ்டாண்ட், மெமரி கார்டு எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்றார்கள். “250 இருந்தா மண்டபத்துக் கடைசி வரிசையில உக்காந்துகூட எடுக்கலாம் சார்” என்றார் கடைக்காரர். எனக்குக் கடைசி வரிசையில் உட்காரும் யோசனை இல்லை. மகள் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறாள்.

பட்ஜெட் 45,000. வீட்டில் 40 என்று சொல்லியிருக்கிறேன். அந்த செட்டையே வாங்கலாமா?

அளவோடுவாழ்:

போனே போதும் நண்பரே. மூன்று மாதம் கழுத்தில் மாட்டுவீர்கள், அப்புறம் பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே போய்விடும். என் வீட்டில் ஒன்று அப்படித்தான் தூங்குகிறது.

செட்டிநாட்டு ஸ்டுடியோ:

தம்பி, மேலே சொன்னவர் சொல்வதில் பாதி நிஜம். வெயிலில், ஆடாமல் நிற்கிற ஆளை எடுப்பதற்கு உன் போனே தாராளம். நானே கடையில் பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ஆனால் நீ கேட்டது ராத்திரி ஏழு மணி, டியூப் லைட், நடக்கிற குழந்தை. வெளிச்சம் குறைந்தால் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. சுவர் நகராது, அதனால் சுவர் தெளிவாக வரும். குழந்தை நகர்ந்துவிடுகிறாள், அவள்தான் கோடாகிறாள்.

ஆனால் கடைக்காரர் சொன்ன செட்டை வாங்கினாலும் உனக்கு இதே கோடுதான் வரும். ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

கேமராவோடு சேர்த்துத் தருகிற 18-55 கிட் லென்சை 55க்குத் திருப்பினால் அதன் வாய் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது. எஃப் 1.8 வரை திறக்கிற லென்ஸ் ஒன்று இருக்கிறது என்று வை. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கு. 9.7 வரும். ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். அதே ஹால், அதே டியூப் லைட்.

கிட் லென்சில் உனக்கு ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகும்) 6400, ஷட்டர் 1/60 நொடி கிடைக்கிறது என்றால், எஃப் 1.8-இல் ஷட்டரை 1/250 ஆக்கலாம், அப்போதும் ஐ.எஸ்.ஓ. 2500 பக்கம் இறங்கிவிடும். நடை பழகுகிற குழந்தைக்கு 1/250 பரவாயில்லை. ஓட ஆரம்பித்தால் 1/500 வேண்டும். 1/60-இல் அவள் கை ஆட்டினாலே கலைந்துவிடும்.

லென்சில் ஐ.எஸ்., வி.ஆர். என்று எழுதியிருப்பதைக் காட்டி “ஆடாது சார்” என்பார்கள். அது உன் கை ஆடுவதைத்தான் பிடிக்கும். குழந்தை ஆடுவதை எந்த லென்சும் பிடிக்காது.

அதனால் கேமராவில் மிச்சம் பிடி, லென்சில் போடு. 55-250 கெட்ட லென்ஸ் இல்லை, பள்ளிக்கூட விளையாட்டு விழா வரும்போது வாங்கிக்கொள். அதற்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

கூடல்நகர்க்காரன்:

அண்ணே, இதை யாரும் இப்படிச் சொன்னதே இல்லை. அப்படியானால் 50 மி.மீ. எஃப் 1.8 தானே? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், விலையும் குறைவு.

இரண்டு வாலுகளின் அம்மா:

அவசரப்பட்டு 50 வாங்காதீர்கள் தம்பி. நான் வாங்கி மாட்டிக்கொண்டவள்.

எங்கள் ஹால் பத்துக்குப் பதினாலு. கேமரா கேனன், 50 எஃப் 1.8. லென்ஸ் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், முகம் எடுத்தால் கண்ணிமை எண்ணலாம். ஆனால் இந்த விலையில் கிடைக்கிற கேமராக்களில் சென்சார், அதாவது ஃபிலிம் இருந்த இடத்தில் படம் விழுகிற சில்லு, ஃபிலிமைவிடச் சின்னது. கேனனில் 1.6-ஆலும் நிக்கானில் 1.5-ஆலும் பெருக்க வேண்டும். 50 என்பது 80 மாதிரி, இல்லையென்றால் 75 மாதிரி நடந்துகொள்ளும். நான் சுவரில் முதுகை ஒட்டி, டி.வி. ஸ்டாண்டுக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றால் பையன் எட்டடி தூரத்தில் இருப்பான். அந்தத் தூரத்தில் படத்துக்குள் விழுவது மூன்றரை அடி அகலம், இரண்டரை அடிக்கும் கம்மியான உயரம். ஒருத்தன் உட்கார்ந்தால் சரி. பக்கத்தில் தம்பி வந்து உட்கார்ந்தால் அவன் காது வெளியே போய்விடும். இரண்டு வருஷ ஆல்பத்தில் என் சின்னவனுக்கு முக்கால்வாசிப் படத்தில் ஒரு காதுதான்.

அதே எட்டடியில் நிக்கானில் 35 போட்டால் ஐந்தடிக்கு மேல் அகலம் கிடைக்கும். கேனன் பக்கம் 24 மி.மீ. எஃப் 2.8 என்று தட்டையாக ஒன்று உண்டு, பிஸ்கட் கனம்தான். அதில் ஏழடிக்கு மேல் விழும், ஆனால் எஃப் 1.8 அளவுக்கு இருட்டில் நிற்காது.

காசு போடும் முன்னால் ஒன்று செய்யுங்கள். தெரிந்தவர்கள் யாரிடமாவது கிட் லென்சோடு கேமரா இரண்டு நாள் இரவல் வாங்குங்கள். லென்ஸ் மேல் 18, 24, 35, 55 என்று குறி இருக்கும். 35இல் வைத்துச் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க அதிலேயே எடுங்கள். மறுநாள் டேப்பை எடுத்து 50க்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்கள் ஹாலே பதில் சொல்லிவிடும்.

செட்டிநாட்டு ஸ்டுடியோ:

இந்த டேப் விஷயம் எனக்கே தோன்றவில்லை. எனக்கு முப்பதடி ஸ்டுடியோ. வீட்டு ஹாலை மறந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி இல்லாதவன்:

எல்லோரும் டி.எஸ்.எல்.ஆர். என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சோனி 2021-லேயே டி.எஸ்.எல்.ஆர். விற்பதை நிறுத்திவிட்டது. கேனன், நிக்கான் இரண்டுமே 2020-இல் விட்ட 1டி எக்ஸ் மார்க் 3, டி6-க்கு அப்புறம் அந்த வரிசையில் பெரிய கேமரா எதுவும் விடவில்லை. புது லென்ஸ் எல்லாம் மிரர்லெசுக்குத்தான் (டி.எஸ்.எல்.ஆருக்குள் இருக்கிற கண்ணாடி இல்லாத கேமரா) வருகிறது. தம்பி இப்போது போய் ஏன் பழைய ரயிலில் ஏற வேண்டும்?

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. கேனன் ஆர்50 மாதிரி ஒன்றை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து, அவள் தலையைத் திருப்பினாலும் விடாமல் கூடவே போகும். டி.எஸ்.எல்.ஆரில் சின்னச் சின்னக் கட்டத்தை நீங்களே கண் மேல் வைக்க வேண்டும், அதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கூடல்நகர்க்காரன்:

ஆர்50 பார்த்தேன் சார். ஆசையாகத்தான் இருக்கிறது. கிட் லென்சோடு வாங்கினாலே பட்ஜெட் தாண்டுகிறது, அப்புறம் அண்ணன் சொன்ன எஃப் 1.8-க்குக் கையில் ஒன்றும் இருக்காது. திரும்ப எஃப் 5.6-இல்தானே நிற்பேன்?

கண்ணாடி இல்லாதவன்:

அது நியாயம். கண்ணைப் பிடித்தாலும் ஷட்டர் 1/60 என்றால் கோடு கோடுதான். இன்னொரு 20,000 சேர்க்க முடிந்தால் மிரர்லெஸ், முடியாவிட்டால் செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆரும் நல்ல லென்சும். புது 1500டி மட்டும் வேண்டாம், இதில் எனக்கும் ஸ்டுடியோ அண்ணனுக்கும் சண்டை இல்லை. பிற்பாடு கேனன் மிரர்லெசுக்கு மாறினால் பழைய லென்சை அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆட்டோஃபோகசும் வேலை செய்யும். நிக்கானிலும் அடாப்டர் உண்டு, மோட்டார் உள்ள லென்சாக இருந்தால்.

பழசுவாங்கி:

செகண்ட் ஹேண்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததால் வந்தேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. நிக்கான் டி5300 வாங்கிய புதிதில் ஒரு கடையில் 50 மி.மீ. எஃப் 1.8 டி என்ற லென்ஸ் சல்லிசாகக் கிடைத்தது. “நிக்கானுக்கு நிக்கான், பேசாம எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபோகஸ் ஆகவே இல்லை. லென்ஸ் கெட்டுப்போனது என்று நினைத்துத் திரும்ப ஓடினேன், “மாட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க” என்று கையை விரித்துவிட்டார். விஷயம் இதுதான்: நிக்கானில் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் உள்ளே கிடையாது. டி7000 வரிசையில் இருக்கிறது. அதனால் மலிவு பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) வாங்குகிறவர்கள் ஏ.எஃப்-எஸ் அல்லது (ரொம்பப் பழைய மாடலாக இல்லாவிட்டால்) ஏ.எஃப்-பி என்று போட்ட லென்ஸ்தான் வாங்க வேண்டும். டி போட்ட லென்சைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய முடியும். நான் ஒரு வருஷம் திருகினேன்.

கேனனில் இந்தத் தொல்லை இல்லை, எந்த இ.எஃப். லென்சுக்குள்ளும் மோட்டார் இருக்கும். ஆனால் அங்கே வேறு ஒரு கண்ணி. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் மேலே ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தைப் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய பெரிய புள்ளியையே எடுத்துவிட்டார்கள். வேறு கம்பெனியின் சாதாரண மேனுவல் ஃபிளாஷ் அதில் மின்னாது. பழைய 200டியில் அந்தப் புள்ளி இருக்கிறது. புதுசை விடப் பழசு மேல் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம், பெயரும் பொருந்துகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். லென்சைக் கழற்றி, வாயை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் கவலை வேண்டாம், எல்லா லென்சிலும் இருக்கும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்புறம் எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சார் அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பதை நிக்கானில் படக் கோப்பிலேயே படிக்கலாம். பல கேனன் மாடல்களில் அப்படிப் படிக்க முடியாது, அங்கே பட்டன் தேய்மானம், ரப்பர் பிடி இதையெல்லாம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். கல்யாண வீட்டுக்காரர்கள் அடித்து எடுத்த பாடி என்றால் விட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு பிறந்தநாளுக்கு எடுத்து பீரோவில் வைத்தது கிடைத்தால் விடாதீர்கள்.

அளவோடுவாழ்:

பீரோவில் வைத்தது என்னிடம் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேனே. நிக்கான் டி5600, 18-55 லென்ஸ். நாலாயிரம் படம்கூட எடுத்திருக்க மாட்டேன். திண்டுக்கல்லில் இருக்கிறேன்.

பழசுவாங்கி:

பூஞ்சை பாருங்கள். பட்டுப்புடவைக்குக் கீழே இருந்தது என்கிறார்.

கூடல்நகர்க்காரன்:

சார், தனிமடல் அனுப்பியிருக்கிறேன்!

அதற்குள் ஒரு தகவல். அக்கா சொன்ன டேப் சோதனையை மச்சான் கேமராவில் செய்தேன். 50-இல் மகளை மட்டும் எடுத்தேன், அழகு. அவளையும் அவள் அம்மாவையும் சேர்த்து எடுக்கக் குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே போய் நிற்க வேண்டியிருந்தது. 35 என்று முடிவு.

ரா-வில் (பிறகு நாமே திருத்திக்கொள்ளும் கோப்பு) எடுக்க வேண்டுமா, ஜேபெக் போதுமா? 24 மெகாபிக்சல் போதுமா?

செட்டிநாட்டு ஸ்டுடியோ:

ஜேபெக் போதும். திருத்த உட்கார நேரம் இருந்தால் ரா-வும் சேர்த்து எடு, உனக்கு இருக்காது. ஆறுக்கு நாலு பிரிண்ட் போட 1800-க்கு 1200 புள்ளி போதும், அது 22 லட்சத்துக்குள். உன்னிடம் இரண்டு கோடியே நாற்பது லட்சம் இருக்கும்.

ஃபிளாஷ் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை. மேலே துள்ளிக்கொண்டு வரும் குட்டி ஃபிளாஷைத் தொடாதே, முகம் தட்டையாகி மூக்கும் நெற்றியும் எண்ணெய் தடவிய மாதிரி மின்னும். தலையைத் திருப்பக்கூடிய ஒரு ஃபிளாஷ் பின்னால் வாங்கு. அதை சீலிங்கைப் பார்த்துத் திருப்பி அடித்தால் கூரை முழுக்க ஒரு பெரிய விளக்காகிவிடும். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் ஒரு வீட்டு வளைகாப்பில் சுவர் கிளிப்பச்சை. கூரை உயரம் என்று சுவரில் திருப்பி அடித்தேன், பெண்ணின் கன்னம் கொத்தமல்லிச் சட்னி மாதிரி ஆகிவிட்டது. பத்தொன்பது வருஷமாக எடுக்கிறேன், இன்னும் மறந்துபோகிறேன்.

பிறந்தநாளுக்கு எல்.ஈ.டி. சீரியல் லைட் போட்டால் கவனம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். அப்போது மட்டும் 1/100-க்கு இறங்கி, அவள் சிரித்து நிற்கிற கணத்துக்குக் காத்திரு.

இரண்டு வாலுகளின் அம்மா:

டி5600 கிடைத்தால் இரண்டு விஷயம். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் என்று ஒன்று இருக்கும், 1/250 வையுங்கள். இருட்டினால் கேமரா ஷட்டரைக் குறைக்காமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளும். புள்ளி புள்ளியாக வந்தாலும் முகம் இருக்கும். இன்னொன்று, பின்னால் இருக்கும் திரையைப் பார்த்து எடுக்காதீர்கள், அதில் ஃபோகஸ் நிதானமாகத்தான் வரும். கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டை வழியாக எடுங்கள். அப்புறம் தரையில் படுங்கள். குழந்தை உயரத்துக்கு இறங்கினால்தான் படம், நின்றுகொண்டே எடுத்தால் உச்சி மண்டைதான்.

கூடல்நகர்க்காரன் (மூன்று மாதம் கழித்து):

மன்னிக்கவும், அப்புறம் வந்து எழுதவே இல்லை. திண்டுக்கல் போய் டி5600 வாங்கிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை. ஷட்டர் கணக்கு 3,812. புடவைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருந்தாராம் சாரின் வீட்டம்மா, புடவைக்காக. 35 மி.மீ. எஃப் 1.8 ஏ.எஃப்-எஸ் மட்டும் புதிதாக வாங்கினேன். மொத்தம் பட்ஜெட்டுக்குள் முடிந்தது, வீட்டில் சொன்ன நாற்பதுக்குள் இல்லை.

ராத்திரி ஏழு மணிப் படங்கள் இப்போது வருகின்றன. போன வாரம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிச் சிரித்தாள், கீழுதட்டில் எச்சில் ஒரு துளி தொங்குகிறது, அதில் டியூப் லைட் ஒரு கோடாகத் தெரிகிறது. அந்தப் படம் ஒன்றுக்கே போட்ட காசு சரியாகிவிட்டது.

காதுகுத்துதான் பிரச்சினை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, பத்தர் காதைத் தொட்டதும் வாயைப் பிளந்தாள் பாருங்கள், அந்தக் கணம் சரியாக விழுந்தது. கண்ணீர் வரைக்கும் தெரிகிறது. எஃப் 1.8-இல் எடுத்தேன், வெட்டவெளியாக இருந்தும் அந்த மங்கல் பின்னணி ஆசையில். பிரிண்ட் போட்டு மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பின்னாடி நம்ம சனமெல்லாம் நின்னுச்சே, யாரு மூஞ்சியும் தெரியலையே. ராமநாதபுரத்துச் சித்தப்பா எங்க?” என்றார். சித்தப்பா ஒரு மஞ்சள் வட்டமாக இருக்கிறார். மச்சான் முகமே பாதிதான் தெளிவு.

செட்டிநாட்டு ஸ்டுடியோ:

உன் மாமியார் சொல்வதுதான் சரி. கல்யாண ஆல்பத்தில் நாங்கள் பின்னணியை அழிப்பது, அங்கே நிற்பது சமையல்காரரும் பிளாஸ்டிக் நாற்காலியும் என்பதால். காதுகுத்தில் பின்னால் நிற்பதுதான் குடும்பம். அத்தனை பக்கத்தில் எஃப் 1.8 வைத்தால் ஒரு சாண் ஆழம்கூடத் தெளிவாக வராது, மூக்கு முதல் காது வரை வந்தால் பெரிது. வெட்டவெளியில் உனக்கு வெளிச்சத்துக்கா பஞ்சம்? எஃப் 5.6-க்கு இறக்கியிருந்தால் குழந்தையும் மாமனும் முழுசாக வந்திருப்பார்கள். சனமெல்லாம் தெரிய வேண்டும் என்றால் 35-ஐக் கழற்றிவிட்டு அந்தக் கிட் லென்சை 18-இல் வைத்து எஃப் 8. அதற்காகத்தான் அதை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கூடல்நகர்க்காரன்:

சொன்னீர்களா அண்ணே? மேலே தேடிப் பார்த்தேன், இல்லை.

செட்டிநாட்டு ஸ்டுடியோ:

சொல்ல நினைத்தேன். சித்தப்பாவை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடு. ஜன்னல் ஓரம் உட்கார வைத்துக் குழந்தையை மடியில் கொடு.

கூடல்நகர்க்காரன்:

ஆடிக்கு வருகிறாராம். படம் சரியில்லை என்று அதற்குள் அவருக்கும் போன் போய்விட்டது.